மண்ணுக்குள் மறைந்ததைத் தேடும் படம்

பதுளை நகரில் நின்று தென்கிழக்கே நோக்குவோருக்கு நமுனுகுல மலை முகில் சூழத் தோன்றும். அதன் உயரம் 2,000 மீற்றருக்குச் சற்று அதிகம். இந்த ஊவா மலைகளில் விழும் மழைநீர் பல திசைகளிற் பிரிந்து ஓடுகிறது. வடக்கே செல்லும் நீர் பதுளு ஓயாவாகித் துன்ஹிந்த அருவியாய் வீழ்ந்து மகாவலியைச் சேர்கின்றது. தெற்கே இறங்கும் ஆறொன்று காடுகளைக் கடந்து, கதிர்காமத் திருத்தலத்தைத் தொட்டு, கடலை அடைகின்றது. அதன் பெயர் மாணிக்க கங்கை.

பெயர்களை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆற்றுக்கு மாணிக்க கங்கை என்றும், ஒரு நகருக்கு இரத்தினபுரி என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். மண்ணின் அடியில் என்ன கிடைக்கும் என்ற செய்தி அந்தப் பெயர்களிலேயே பொதிந்து கிடக்கின்றது. படம் வரையும் கலை இந்நாட்டில் வளருமுன்னே, ஊர்ப்பெயரே மக்களுக்குப் படமாய் உதவிற்று எனலாம்.

மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் பொருளை, மண்ணைத் தோண்டுமுன்னே மனிதன் எவ்வாறு ஊகித்தறிந்தான்? அந்த ஊகம் எவ்வாறு படிப்படியாக ஒரு கணக்காயிற்று? அந்தக் கணக்கினால் ஊவாவில் வாழும் நமக்கு ஆவதென்ன? இம்மூன்று வினாக்களையும் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

முதலில் பழங்காலத்தாரின் வழியைக் காண்போம். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அராபிய யாத்திரிகர் இபின் பத்தூத்தா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் மாணிக்கக் கல்லாலான ஒரு கிண்ணத்தைக் கண்டதாக எழுதி வைத்திருக்கின்றார். வேறொரு செய்தியையும் அவர் குறிப்பிடுகின்றார். கல் தேட விரும்புபவன் நிலத்தில் ஒரு துண்டை விலைக்கு வாங்கி, அதிலே தோண்டுவான் என்பதே அச்செய்தி. நிலம் எவனுடையதோ, தேடும் உரிமையும் அவனுடையது. இந்தக் குறிப்பை நேயர்கள் மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். பின்னர் இதற்கு நாம் திரும்பி வருவோம்.

தோண்டுவோர் எங்கே தோண்டினர்? கண்டவிடமெல்லாம் அவர்கள் தோண்டவில்லை. பள்ளத்தாக்குகளின் அடியிலும், பழைய ஆற்றுப் படுகைகளிலும், மேல்மண்ணின் கீழே கூழாங்கற்கள் செறிந்த ஒரு படை இருப்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்தப் படையை இல்லம் என்று சிங்கள மக்கள் அழைப்பர். நீலக்கல்லும், வைடூரியமும், புட்பராகமும் பெரும்பாலும் அந்த இல்லத்திலேயே அகப்படும்.

இதற்குக் காரணம் எளிது. வீட்டு முற்றத்தில் அமர்ந்து சுளகில் அரிசி புடைக்கும் பெண்ணைப் பாருங்கள். உமி பறந்து போகின்றது. மணி தங்கி நிற்கின்றது. ஆறும் அதே தொழிலையே செய்கின்றது. மலையிலுள்ள பாறை வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணாகும்போது, பாறைக்குள் இருந்த கற்கள் விடுபட்டு நீரோடு கீழிறங்குகின்றன. சாதாரண வெண்மணல் நீரைப்போல ஏறத்தாழ 2.65 மடங்கு பாரமுள்ளது. நீலக்கல்லோ ஏறத்தாழ 4 மடங்கு பாரமுள்ளது. ஆகவே நீரோட்டத்தின் வேகம் குறையும் இடத்தில், ஆறு வளையும் இடத்தில், பாறைக்குழி குறுக்கிடும் இடத்தில், பாரமான கல் முதலில் தங்கி விடுகின்றது. பழைய அகழ்வோர் இந்த எண்களை அறியார். ஆயினும் ஆறு எங்கே களைப்படையும் என்பதை அவர்களின் கண் அறிந்திருந்தது.

இந்த அனுபவ அறிவு ஒரு துறையாக மாறிய காலத்திற்கு வருவோம். தமிழராகிய நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க ஒருவர் அங்கே நமக்கு எதிர்ப்படுகின்றார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றால், நடராசத் திருவுருவத்தின் தத்துவத்தை உலகுக்கு உரைத்த கலை மேதை என்றே பலரும் அறிவர். அவர் புவிச்சரிதவியல் அறிஞராகவே தம் வாழ்வைத் தொடங்கினார் என்பது பலர் அறியாத செய்தி. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகக் கொழும்பில் 1877ஆம் ஆண்டு பிறந்த அவர், இலண்டனில் பயின்று, 1900ஆம் ஆண்டிலேயே இலங்கையின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைக்கு அவரே பணிப்பாளராயிருந்தார்.

அக்காலத்தில் கனிப்பொருள் அளவை என்பது கால்நடைப் பயணமே. ஊர் ஊராகச் சென்று, பாறை வெளிப்பட்ட இடங்களைக் குறித்து, ஓடைகளின் மணலை அரித்துப் பார்த்து, அடியில் தங்கிய கருமணலைப் பொதிந்து கொண்டு வருவதே வேலை. ஓர் ஓடையின் மணலில் கனமான துகள் கிடைத்தால், அதன் பிறப்பிடம் அந்த ஓடைக்கு மேலே உள்ள மலையில் எங்கோ இருத்தல் வேண்டும். ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் இரண்டு கிளைகளிலும் அரித்துப் பார்த்தால், எந்தக் கிளையில் துகள் மிகுதியோ அந்த வழியே மேலேறலாம். இன்றைக்கும் உலகெங்கும் கனிப்பொருள் தேடுவோர் கைக்கொள்ளும் முறைகளில் இது ஒன்று.

குமாரசுவாமி அவர்களின் காலத்தில் பலாங்கொடைப் பகுதி ஆற்று மணலில் கறுத்த, மிகப் பாரமான ஒரு கனிப்பொருள் கிடைத்தது. அது யுரேனியம் சார்ந்த வேறொரு கனிப்பொருள் என்றே அவர் முதலிற் கருதினார். இலண்டனில் நடந்த ஆய்வு, அதில் தோரியமே மிகுதி என்று காட்டிற்று. 1904ஆம் ஆண்டில் அதற்குத் தோரியனைற்று என்ற பெயர் ஏற்பட்டது. பெற்றோமாக்ஸ் விளக்கின் மெண்டிலைக் கண்டிருப்பவர்களுக்கு அதன் பயன் எளிதில் விளங்கும். அந்நாளைய வாயு விளக்கு மெண்டில்களுக்குத் தோரியமே மூலப்பொருளாய் இருந்தது. அறிஞரின் முதல் ஊகம் பிழைத்தது. ஆனால் அவர் சேகரித்த சான்று பிழைக்கவில்லை. ஊகத்தையும் சான்றையும் தனித்தனியே வைத்துப் பார்க்கும் இந்த ஒழுங்கே அறிவியலின் உயிர்நாடி.

இந்தப் பயணங்களிலேதான், கண்டி நாட்டுக் கிராமங்களின் பாரம்பரியக் கைவினைகள் நலிந்து போவதையும் அவர் கண்டார். கல் தேடச் சென்றவர் கலை தேடுபவராக மாறினார். 1908ஆம் ஆண்டில் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை என்னும் அவருடைய பெருநூல் அந்த மாற்றத்தின் விளைவே. நிலத்தை ஆராயச் சென்றவர் நிலத்தின்மேல் வாழ்ந்த மக்களையும் பார்த்தார் என்பதே அவருடைய சிறப்பு.

இனி, தனித்தனிக் குறிப்புகள் படமாக மாறிய கதையைக் கூறுவேன். இங்கிலாந்தில் வில்லியம் சிமித் என்பவர், கால்வாய் வெட்டும் வேலைகளை மேற்பார்த்துத் திரிந்த ஓர் அளவையாளர். எந்தப் பாறைப் படை எங்கே மேலே தோன்றுகின்றது என்பதை நிறந்தீட்டி 1815ஆம் ஆண்டில் ஒரு பெரிய படம் வெளியிட்டார். அதன் பயன் என்ன? நிலக்கரி இருக்கும் படையை அறிந்தால், அந்தப் படை இல்லாத ஊரில் வீணாகக் குழி தோண்டிப் பணம் இழக்க வேண்டியதில்லை. எங்கே தேட வேண்டும் என்பதோடு, எங்கே தேடக் கூடாது என்பதையும் படம் சொல்கின்றது. செல்வம் குறைந்த நாட்டிற்கு இந்த இரண்டாவது உதவி பெரிது.

இலங்கையின் பாறைப் படமும் இவ்வாறே வளர்ந்தது. இந்திய அறிஞர் டி. என். வாடியா 1938ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இங்கே அரசாங்கக் கனிப்பொருளியலாளராகப் பணியாற்றினார். பின்னர் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் அந்த வேலையைத் தொடர்ந்தது. 1992ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின்னர் அப்பொறுப்பு புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்திடம் இருந்து வருகின்றது.

இவர்கள் வரைந்த படங்களின்படி, நம் மலைநாடு பெரும்பாலும் உயர்நிலத் தொகுதி எனப்படும் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. அவற்றுள் ஒன்று சார்ணக்கைற்று. கல்கத்தாவில் உள்ள ஜோப் சார்ணக்கு என்பாரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த அறிஞர் ஹொலண்டு அந்தப் பெயரைச் சூட்டினார். அந்தக் கல் சென்னைக்கு அண்மையிலுள்ள பரங்கிமலைப் பகுதியில் வெட்டி எடுக்கப்பட்டது என்பர். ஆகவே பரங்கிமலையும் நம் ஊவா மலைகளும் பாறை வழியிலும் உறவினரே.

உயர்நிலத் தொகுதிக்குக் கிழக்கே விசயன் தொகுதி என்னும் வேறொரு பாறைக்குலம் உண்டு. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடு திருகோணமலைப் பக்கத்திலிருந்து தெற்கே இறங்கி, ஊவாவில் புத்தள, வெல்லவாயப் பகுதிகளினூடாகச் செல்கின்றது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் ஓட்டுத் துண்டுகள் மோதி இணைந்த தழும்பு அது என்பது அறிஞர் கருத்து. 1971ஆம் ஆண்டில் சேருவிலையில் செம்பும் காந்தவிரும்பும் கலந்த தாதுப் படிவு கண்டறியப்பட்டது. அந்தப் படிவு இவ்வெல்லையை ஒட்டிக் கிடந்தது. அன்று முதல் அந்த எல்லைக்கோடே ஒரு துப்பாகி விட்டது. ஓரிடத்தில் புதையல் கிடைத்தால், அதனைப் போன்ற நிலம் வேறெங்கே உள்ளது என்று கேட்பது அறிவுடையோர் வழக்கம்.

இப்போது நம் பேச்சின் மையத்திற்கு வந்து விட்டோம். ஒரு துப்பு மட்டும் போதாது. பல துப்புகள் ஓரிடத்தில் ஒன்றுகூடினால் நம்பிக்கை வலுக்கும். ஆகவே ஒவ்வொரு துப்புக்கும் ஒவ்வொரு படம் வரைந்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பதே புதிய முறை. எண்ணெய் தடவிய மெல்லிய தாள்களை நினைத்துக் கொள்ளுங்கள். முதல் தாளில் பாறை வகை, இரண்டாவதில் ஆறுகளும் அவை விட்டுச் சென்ற பழைய படுகைகளும், மூன்றாவதில் சரிவு, நான்காவதில் ஏற்கனவே கல் கிடைத்த இடங்கள். எல்லாவற்றையும் அடுக்கி விளக்கின் முன் பிடித்தால், நிறங்கள் செறிந்து தோன்றும் இடமே முதலில் ஆராயத் தக்க இடம்.

பேராசிரியர் சி. பி. திசாநாயக்க அவர்களும் எம். எஸ். ரூபசிங்க அவர்களும் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை இரத்தினக்கல் வழிகாட்டிப் படம் இத்தகையது. உருமாறிய பாறை, வண்டல், பழைய வடிகால், கல் தங்குவதற்கு ஏற்ற நில அமைப்பு, சரிவு ஆகியவற்றை ஒருசேர நோக்கி, நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரத்தினக்கல் இருக்கக் கூடியது என்று அவர்கள் மதிப்பிட்டனர். இரத்தினபுரியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஊவாவில் ஒக்கம்பிட்டியவும் கல் அகழும் இடமாகப் பெயர் பெற்றதே.

தாள்களை அடுக்கும் வேலையை இப்போது கணினி செய்கின்றது. அதனைப் புவியியல் தகவல் முறைமை என்று அழைக்கின்றார்கள். கணினி வந்ததனால் விளைந்த பெரிய நன்மை, துப்புகளுக்கு நிறை இடுவது எளிதாயிற்று என்பதே. எல்லாத் துப்பும் சமமல்ல அல்லவா? கனடா நாட்டின் புவிச்சரிதவியல் அளவைத் துறையைச் சேர்ந்த பொனம்-காட்டர், அக்டர்பேர்க்கு முதலிய அறிஞர்கள் 1980களின் பிற்பகுதியில் நோவா ஸ்கோசியா மாகாணத்தில் தங்கத்தைத் தேடுவதற்குச் சான்றுகளின் நிறை என்னும் முறையைக் கையாண்டனர். அது மருத்துவர் நோயறியும் முறையிலிருந்து பிறந்தது. காய்ச்சல் என்ற குறி பல நோய்களுக்கும் பொது. அதன் நிறை குறைவு. ஒரு நோய்க்கே உரிய குறியாயின் அதன் நிறை மிகுதி.

ஒரு கற்பனைக் கணக்கினால் இதனை விளக்குகின்றேன். ஒரு பிரதேசத்தை 1,000 சதுரக் கட்டங்களாகப் பிரிப்போம். அவற்றுள் 20 கட்டங்களில் ஏற்கனவே கல் கிடைத்துள்ளது என்று கொள்வோம். ஆற்று வண்டல் உள்ள கட்டங்கள் 200. கல் கிடைத்த 20இல் 15 இந்த வண்டலுக்குள் இருக்கின்றன. எஞ்சிய 5 மட்டும் மற்ற 800 கட்டங்களில் இருக்கின்றன. அப்படியானால் வண்டலில் 1,000 கட்டத்திற்கு 75 வீதமும், வெளியே 1,000 கட்டத்திற்கு 6 அல்லது 7 வீதமும் கல் கிடைக்கக் கூடும். வண்டல் என்ற துப்பு வாய்ப்பைப் பன்னிரண்டு மடங்கு கூட்டுகின்றது. இவ்வாறே ஒவ்வொரு தாளுக்கும் நிறை கண்டு, கட்டந்தோறும் கூட்டினால், பிரதேசம் முழுவதற்கும் ஒரு வாய்ப்புப் படம் கிடைத்து விடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது சாட்சி பற்றியது. ஒரு வழக்கில் இருவர் சாட்சி கூறுகின்றனர். இருவரும் மூன்றாமவர் ஒருவர் சொல்லக் கேட்டதையே கூறினால், அது இரு சாட்சி ஆகாது. ஆற்றுக்கு அண்மை என்ற தாளும் பள்ளத்தாக்கின் அடி என்ற தாளும் பெரும்பாலும் ஒரே செய்தியையே சொல்கின்றன. இரண்டையும் தனித்தனியே எண்ணிக் கூட்டினால், நம்பிக்கை பொய்யாகப் பெருகும்.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் ஆழமானது. கல் கிடைத்த இடங்கள் என்ற தாளில் என்ன இருக்கின்றது? மனிதர் தோண்டிய இடங்கள்தாம் இருக்கின்றன. பாதை இல்லாத காட்டிலும், தோண்ட அனுமதியில்லாத நிலத்திலும், யாரும் தேடிப் பார்த்ததில்லை. அங்கே தாள் வெறுமையாய் இருக்கும். வெறுமை என்பதற்கு இல்லை என்று பொருள் கொள்வது பெரும்பிழை. தேடவில்லை என்பதே அதன் பொருள். நிலத்தை வாங்கியவனே தோண்டுவான் என்று இபின் பத்தூத்தா எழுதியதை இங்கே நினைவுகூருங்கள். நிலத்தின் வரலாறும், உடைமையின் வரலாறும், அறியாமலே நம் கணக்கினுள் புகுந்து கொள்கின்றன.

ஊவாத் தோட்டங்களின் கதையும் அத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளின் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமையில் முதன்முதல் காணப்பட்ட இலைநோய் அந்தக் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து வந்த நம் முன்னோர் இந்தச் சரிவுகளைத் திருத்தி, வடிகான் வெட்டி, மண்ணைக் காத்தனர். 1975ஆம் ஆண்டில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. கைகள் மாறிய நிலத்தில், தலைமுறைகளாய் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தாம் குடியிருக்கும் இடத்திற்கேனும் உறுதி கிடைத்ததில்லை. ஆகவே மண்ணுக்குள் மாணிக்கம் உண்டு என்று ஒரு படம் காட்டினாலும், அந்தப் படம் அவர்களுக்காக வரையப்பட்டதன்று.

ஆயினும், நேயர்களே, அதே முறையினால் வரைந்த வேறொரு படம் அவர்களுக்காகவே வரையப்பட்டது. கனிப்பொருளைத் தேடுவதற்கு எந்தத் தாள்களை அடுக்குகின்றோமோ, ஏறத்தாழ அதே தாள்களை அடுக்கி, எந்தச் சரிவு இடிந்து விழும் என்பதையும் கணிக்கலாம். 1980களில் மலைநாட்டில் நேர்ந்த மண்சரிவுகளுக்குப் பின்னர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஐக்கிய நாடுகளின் உதவியுடன் 1990ஆம் ஆண்டளவில் இவ்வேலையைத் தொடங்கியது. முதலில் எடுத்துக் கொள்ளப்பட்ட மாவட்டங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்று நமது பதுளை; மற்றது நுவரெலியா.

அந்த முறையில் ஆறு துப்புகள் உண்டு. மொத்த நிறை 100. சரிவின் அளவுக்கு 25. பாறைக்கும் அதன் அமைப்புக்கும் 20. நீருக்கும் வடிகாலுக்கும் 20. நிலத்தைப் பயன்படுத்தும் விதத்திற்கு 15. மேல்மண்ணின் வகைக்கும் தடிப்புக்கும் 10. நிலத்தின் வடிவத்திற்கு 10. கூட்டுத்தொகை உயர்ந்த இடம் ஆபத்தான இடம். கனிப்பொருட் படத்தில் செறிந்த நிறம் நம்பிக்கையைக் குறிக்கும். இந்தப் படத்தில் அதே செறிந்த நிறம் அச்சத்தைக் குறிக்கும். வித்தை ஒன்றே, வினா மட்டுமே வேறு.

இந்தப் படம் பொய்க்கவில்லை என்பதுதான் நம் துயரம். கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் சரிவு ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டது. மக்கள் அங்கேயே இருந்தனர். போவதற்கு அவர்களுக்குச் சொந்தமாய் வேறு நிலம் ஏது? 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், பெருமழைக்குப் பின்னர், மலை இறங்கி வந்தது. லயங்கள் வரிசையாக மண்ணுள் மறைந்தன. பள்ளிக்கூடத்திற்குப் புறப்பட்டுச் சென்றிருந்த சில பிள்ளைகள் திரும்பி வந்தபோது அவர்களுடைய வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை.

மாணிக்கம் இருக்கலாம் என்று ஒரு படம் சொன்னால், அதன்பின்னே முதலும் இயந்திரமும் விரைந்து வருகின்றன. மரணம் இருக்கலாம் என்று ஒரு படம் சொன்னால், அது அலுவலகத்துச் சுவரிலே தொங்குகின்றது. படத்தை வரைந்தவர்கள் தம் கடமையைச் செய்தனர். படத்தை வாசித்து, அதன்படி நடக்க வேண்டியவர்கள் பலராய் இருந்ததனால், ஒருவரும் நடக்கவில்லை. அறிவு ஓரிடத்திலும், அதிகாரம் வேறிடத்திலும், ஆபத்து மூன்றாமிடத்திலும் இருக்கும்போது, மிகச் சிறந்த கணக்கும் பயன்படாது போகின்றது.

இதனை எண்ணியே, எங்கள் பாடசாலையில் உயர்வகுப்பு மாணவரைக் கொண்டு ஒரு பயிற்சி நடத்தினேன். நான் கலைப் பட்டதாரி. பாறையைப் பற்றிய அறிவு எனக்குப் பிற்காலத்தில் வந்தது. ஆயினும் மெல்லிய தாள்களை அடுக்கும் கலைக்குக் கணினி இன்றியமையாததன்று. பிள்ளைகள் தங்கள் பிரதேசத்தின் ஓடைகளை ஒரு தாளிலும், சரிவை ஒரு தாளிலும், தேயிலையும் காடும் தரிசும் உள்ள இடங்களை மற்றொரு தாளிலும் வரைந்தனர். அவற்றை அடுக்கிச் சாளரத்து வெளிச்சத்திற் பிடித்தோம். கல் தங்கக் கூடிய ஓடை வளைவுகளை ஒரு குழுவினர் வட்டமிட்டனர். இடியக் கூடிய சரிவுகளை மற்றக் குழுவினர் வட்டமிட்டனர். வேலை நன்றாயிற்று என்று நானும் மகிழ்ந்தேன்.

அப்பொழுது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இதிலே எங்கள் லயம் எங்கே?" என்று கேட்டாள். நாங்கள் ஓடையை வரைந்தோம்; பாறையை வரைந்தோம்; தேயிலையையும் வரைந்தோம். மக்கள் உறங்கும் இடத்தை வரைய மறந்து விட்டோம். ஆசிரியனாகிய எனக்கும் அது தோன்றவில்லை. அன்றே ஐந்தாவது தாள் ஒன்று சேர்த்தோம். லயங்களும், அவற்றுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளும், குழந்தைக் காம்பராவும் அதில் இடம்பெற்றன. வட்டமிட்ட ஒரு சரிவின் நேர் கீழே இரண்டு லயங்கள் இருப்பதை அதன் பின்னரே கண்டோம்.

பிள்ளைகள் மேலும் ஒன்றைச் செய்தனர். தங்கள் தாத்தா பாட்டிமாரிடம் சென்று விசாரித்தனர். எந்த ஓடை மழைக்காலத்தில் திடீரெனக் கலங்கும், எந்தச் சுவரில் வெடிப்பு வளர்கின்றது, எந்த மலையில் முன்னில்லாத ஊற்று தோன்றியது, எந்தப் பழைய வடிகான் தூர்ந்து கிடக்கின்றது என்ற செய்திகளை அவர்கள் கொண்டு வந்தனர். இவற்றுள் எதுவும் எங்கள் முதல் நான்கு தாள்களில் இல்லை. கொழுந்துக் கூடையுடன் நாள்தோறும் அந்த மலையில் ஏறி இறங்கும் பெண்ணைவிட அச்சரிவை நன்கறிந்த அளவையாளர் எவருளர்? அவளுடைய அறிவும் ஒரு தாள். அதற்கும் ஒரு நிறை உண்டு.

நேயர்களே, ஆற்று மணலை அரித்த பழைய அகழ்வோரிலிருந்து குமாரசுவாமி வரையிலும், அவரிலிருந்து இன்றைய கணினி வரையிலும் நாம் கண்டது ஒரே முயற்சியின் வளர்ச்சி. இருக்கும் சான்றுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் முயற்சி அது. படம் ஒருபோதும் முடிந்த முடிவைக் கூறாது. இங்கே முதலில் பாருங்கள் என்று மட்டுமே கூறும். பார்ப்பது நம் பொறுப்பு.

தோட்டப் பகுதிகளில் வாழும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இருப்பிடம் மண்சரிவுப் படத்தில் எந்த நிறத்தில் இருக்கின்றது என்பதை உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்லப்பட்ட பதிலை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்துத் தலைவர்மாரிடமும் ஆசிரியர்களிடமும் அதனைக் காட்டுங்கள். கனிப்பொருள் தேடி எவரேனும் உங்கள் மலைக்கு வந்து குழி வெட்டினால், அந்தக் குழி மூடப்படுமா, அது எந்த வடிகாலை மறிக்கும் என்பதையும் கேளுங்கள்.

எங்கள் பாடசாலையில் அந்த ஐந்து தாள்களும் இன்னும் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை தொடங்குமுன் புதிய வகுப்பு மாணவர் அவற்றை எடுத்து, அந்த ஆண்டின் வெடிப்புகளையும் ஊற்றுகளையும் சேர்த்து வரைகின்றனர். ஐந்தாவது தாளையே அவர்கள் இப்போது முதலில் விரிக்கின்றனர்.